டொனிகால் ஃபிடிலும் ஸ்காட்லாந்து மெட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரம் இருக்கிறது டொனிகால் மாவட்டம். அங்கே ஃபிடில் என்று சொல்லும் கருவி நம் வயலினேதான், வாசிப்புதான் வேறு. அந்த வாசிப்பைக் கேட்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் சில நீளமானவை. விஷயம் அப்படி.

அயர்லாந்து இசை என்று நாம் கேட்பதில் ஸ்காட்லாந்து மெட்டுகள் உண்மையிலேயே இருக்கின்றனவா?

நிறைய இருக்கின்றன. அயர்லாந்தில் எந்த ஊர் இசைக்கூடலுக்குப் போனாலும் 'மிஸ் மக்லவுட்' என்ற ரீலை யாராவது எடுப்பார்கள். ஸ்கை தீவின் மூல மெட்டு என்ற குறிப்போடு எடின்பரோவில் ஃபிடில் கலைஞர்களான கவ் குடும்பத்தார் 1809 இல் அதை அச்சிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் முதலில் கற்கும் மெட்டுகளில் ஒன்றான 'ஃபேரி டான்ஸ்', நத்தானியேல் கவ் 1802 இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதி வேட்டைச் சங்க நடன விருந்துக்காக அமைத்தது. 'லார்ட் மக்டோனல்ட்', 'கிரெய்க்ஸ் பைப்ஸ்', 'மேசன்ஸ் ஏப்ரன்', 'ஃப்ளவர்ஸ் ஆஃப் எடின்பரோ' என்று வரிசை நீளும்.

இவற்றை வாசிக்கும் அயர்லாந்துக் கலைஞர் பலர் இவற்றை வெளியூர்ச் சரக்காக நினைப்பதே இல்லை. இருநூறு ஆண்டு புழக்கத்தில் அவை ஊர்ப்பிள்ளைகள் ஆகிவிட்டன.

ரீல் என்பதே அயர்லாந்தின் நடனம் இல்லையா?

பிறப்பால் ஸ்காட்லாந்துடையது. 1591 இல் நடந்த வடக்கு பெரிக் சூனிய வழக்கு பற்றிய ஒரு சிறு வெளியீட்டிலேயே பெண்கள் 'ரீல்' ஆடியதாக வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்தில் ரீல் பெருவழக்கானது. அயர்லாந்துக்கு அது அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் அங்கே ஜிக்தான் ராஜா.

நம் கணக்கில் சொன்னால் ஜிக் திஸ்ர நடை, ரீல் சதுஸ்ர நடை. ஒரு தட்டுக்கு நாலு சுரம், இரண்டு தட்டு கொண்ட ஒரு அளவுக்கு எட்டு, ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான மெட்டுகளுக்கு எட்டு அளவு கொண்ட இரண்டு பகுதிகள். பல்லவி, சரணம் போல என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டாவது பகுதி பொதுவாக மேல் ஸ்தாயிக்கு ஏறும்.

ஸ்ட்ராத்ஸ்பே என்றால் என்ன? கேட்டால் எப்படித் தெரியும்?

ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர்தான் நடனத்தின் பெயரும். 1760களில் இந்தப் பெயர் அச்சில் வரத் தொடங்குகிறது. ரீலைவிட மெதுவானது. நாலு தட்டு. அதன் உயிர் முழுக்கத் தாளத்தின் வெட்டில் இருக்கிறது.

அந்த வெட்டைத் தமிழ்க் காதுக்குச் சொல்ல எளிய வழி உண்டு. 'நிலா' என்று சொல்லுங்கள். முதல் எழுத்து சட்டென்று வெட்டி, இரண்டாவதில் நின்று விடுகிறோம். 'காடு' என்று சொல்லுங்கள். நின்று, பிறகு வெட்டு. ஸ்ட்ராத்ஸ்பேயில் இந்த இரண்டும் கலந்து கலந்து வரும்: நிலா காடு, காடு நிலா. குறில் விழும் இடத்தில் வில் தெறிக்கும்; நெடிலில் அழுத்தி நிற்கும். 'நிலா' வகை வெட்டுக்குத்தான் ஸ்காட்ச் ஸ்னாப் என்று பெயர். குறிலும் நெடிலும் நம்மைப் போல ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் நிற்காமல் ஒன்றுக்கு மூன்று வரை போகும். அதனால்தான் அத்தனை கூர்மை.

இந்த வடிவத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களில் வில்லியம் மார்ஷல் முக்கியமானவர். 1748 முதல் 1833 வரை வாழ்ந்தவர். கோர்டன் பிரபுவின் மாளிகையில் காரியக்காரராக வேலை பார்த்துக்கொண்டே மெட்டுகளை அமைத்தார். அதே காலத்தில் டன்கெல்ட் அருகே இன்வர் என்ற சிற்றூரில் நீல் கவ் வாழ்ந்தார். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. மேல்நோக்கி வில்லைத் தள்ளும்போது அவர் கொடுத்த விசை அந்நாளில் பேசப்பட்டது. நத்தானியேல் அவருடைய மகன்.

ஏன் டொனிகாலில் மட்டும் இவ்வளவு?

டொனிகாலில் மட்டும் என்று சொல்ல முடியாது. ஆன்ட்ரிம், டிரோன், ஃபெர்மானா என்று வட அயர்லாந்து முழுக்க ஸ்காட்லாந்து மெட்டுகள் பரவியவை. ஆன்ட்ரிம் கரையிலிருந்து ஸ்காட்லாந்தின் கின்டயர் முனை ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். தெளிந்த நாளில் அக்கரை மலை கண்ணுக்குத் தெரியும். 1609க்குப் பிறகு நடந்த குடியேற்றத்தில் ஸ்காட்லாந்து மக்கள் ஆயிரக்கணக்கில் அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டருக்கு வந்தார்கள். கிழக்கு டொனிகாலின் லாகன் சமவெளி அவர்கள் குடியேறிய வளமான மண்.

ஆனால் மேற்கு டொனிகாலின் கதை இன்னும் ஒரு படி ஆழமானது. அங்கே மலை, சதுப்பு, கல். ஐரிஷ் மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள். குடியேறிகளின் சந்ததி அங்கே அதிகம் இல்லை. இருந்தும் ஸ்ட்ராத்ஸ்பேயும், அதற்கு உறவான ஹைலண்ட் என்ற நடன மெட்டும் வேர்விட்ட இடம் அந்தக் கல்மண்தான். எனக்கு இந்தப் பாரம்பரியத்தின் மீது இத்தனை பற்று ஏற்படக் காரணமே இந்த முரண். மெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தது அங்கே யாரும் இல்லை. கூலி வேலைக்குப் போனவர்கள் தூக்கி வந்தார்கள்.

யார் போனார்கள்? எதற்கு?

இரண்டு கட்டமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சிறுவர் சிறுமியர். பன்னிரண்டு, பதிமூன்று வயதில், சில சமயம் அதற்கும் முன்பே, லெட்டர்கென்னி, ஸ்ட்ரபேன் போன்ற ஊர்களின் கூலிச் சந்தைக்கு நடந்து போவார்கள். மே மாதம் ஒரு சந்தை, நவம்பரில் ஒரு சந்தை. சந்தையில் நிற்கும் பிள்ளையின் தோளையும் கையையும் பார்த்து பண்ணைக்காரர் ஆறு மாதத்துக்குப் பேசி அழைத்துப் போவார். அந்தப் பண்ணைகளில் பல ஸ்காட்லாந்து வம்சத்தாருடையவை. ஐரிஷ் மட்டுமே தெரிந்த பிள்ளை அங்கே ஸ்காட்ஸ் கலந்த ஆங்கிலத்தையும் அந்த வீடுகளின் மெட்டுகளையும் ஒரே காதால் கற்றது.

வளர்ந்த பிறகு கடல் கடந்த பயணம். ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்குக்கு 'டாட்டி' என்று பேச்சுவழக்கு. கிழங்கு தோண்டப் போகிறவர்களுக்கு 'டாட்டி ஹோக்கர்' என்று பெயர். கோடையில் கப்பலேறி, தென்மேற்கில் ஏர்ஷயரில் முன்கூட்டியே விளையும் வயல்களில் தொடங்கி, பருவம் நகர நகர வடக்கேயும் கிழக்கேயும் போய், இலையுதிர் காலம் முடியும்போது ஊர் திரும்புவார்கள். 1903 இல் லெட்டர்கென்னியிலிருந்து பர்ட்டன்போர்ட் வரை ரயில் வந்ததும் மேற்கு டொனிகாலின் ராஸஸ் பகுதி மக்களுக்கு டெரி துறைமுகம் எட்டும் தூரமானது. அங்கிருந்து கிளாஸ்கோவுக்குக் கப்பல். கிழங்கு மட்டுமல்ல, அறுவடை, சுரங்க வழி தோண்டல், அணைக்கட்டு என்று எல்லா வேலைக்கும் போனார்கள்.

தங்கும் இடம் பாத்தி எனப்படும் கொட்டகை. பல இடங்களில் மாட்டுத் தொழுவத்தையே கழுவிவிட்டு வைக்கோல் போட்டுக் கொடுத்தார்கள். பகலெல்லாம் குனிந்தே இருந்த முதுகோடு ராத்திரி அங்கே ஒரு ஃபிடில் வெளியே வரும். உள்ளூர்ப் பண்ணை ஆட்களும் வந்து உட்காருவார்கள். அவர்கள் ஊர் மெட்டு இவர்களுக்கு, இவர்கள் மெட்டு அவர்களுக்கு.

இந்தப் பயணத்தை நான் இன்பச் சுற்றுலா போல எழுத விரும்பவில்லை. 1935 நவம்பர் 9 அன்று ஸ்காட்லாந்திலிருந்து திரும்பிய தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு அரன்மோர் தீவுக்குப் போன படகு பாறையில் மோதியது. 20 பேரில் 19 பேர் வீட்டுக் கரையருகே மூழ்கிப் போனார்கள். 1937 செப்டம்பரில் கிளாஸ்கோவுக்கு அருகே கிர்கின்டிலாக்கில் கொட்டகை தீப்பிடித்து, மேயோ மாவட்டத்து அக்கில் தீவைச் சேர்ந்த பத்து இளைஞர்கள் இறந்தார்கள். ஒரு ஹைலண்டைக் கேட்டுக் காலாட்டும்போது, அது எந்த வழியாக ஊர் வந்தது என்பது என் நினைவில் இருந்துகொண்டே இருக்கும்.

ஹைலண்ட் என்கிறீர்களே, அது ஸ்ட்ராத்ஸ்பேயா?

பெற்றோர் வீட்டு முகஜாடை இருக்கிறது, ஆள் வேறு. டொனிகாலின் தனி அடையாளம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஸ்ட்ராத்ஸ்பேயை அப்படியே எடுத்து வந்தால் அதை ஆட அந்த ஊர்க் கால்களுக்குத் தேவை இல்லை. அவர்கள் சமையலறைத் தரையில் ஜோடி ஜோடியாகத் துள்ளி ஆடும் ஒரு நடனத்தை வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பரவிய ஷாட்டிஷ் நடனத்துக்கு உறவானது. அதற்கு ஹைலண்ட் என்று பெயர் விழுந்தது. ஸ்காட்லாந்தில் ராணி, பிரபு, சீமாட்டி பெயர்களைத் தாங்கிய ஸ்ட்ராத்ஸ்பேக்கள் இங்கே வந்ததும் இந்த நடனத்துக்கு உடன்பட்டன. வேகம் ஏறியது. குறில்-நெடில் வெட்டின் கூர் மழுங்கியது, முற்றிலும் போகவில்லை. அங்கங்கே ஒரு தெறிப்பு மட்டும் மிஞ்சி, மற்ற இடமெல்லாம் மெத்தென்ற ஊசல் ஆனது.

பிறகு நடந்ததுதான் அழகு. வடிவம் கைவந்ததும், டொனிகால் கலைஞர்கள் தங்கள் ரீல்களையே ஹைலண்டாக மாற்றத் தொடங்கினார்கள். பாட்டுகளை மாற்றினார்கள். எந்த ஸ்காட்லாந்துப் புத்தகத்திலும் இல்லாத ஹைலண்டுகள் பிறந்தன. இரவல் வாங்கியது மெட்டு மட்டும் என்றால் அது தீர்ந்து போயிருக்கும். இவர்கள் மெட்டு செய்யும் அச்சையே எடுத்துக்கொண்டார்கள்.

'லவ், வோன்ட் யூ மேரி மி' என்று டொனிகாலில் வாசிக்கும் ஹைலண்டைக் கேட்டுவிட்டு, ஸ்காட்லாந்தின் 'பிரேஸ் ஆஃப் மார்' ஸ்ட்ராத்ஸ்பேயைக் கேளுங்கள். எலும்பு ஒன்று, நடை வேறு.

இதோடு, ஆடுவதற்கில்லாமல் கேட்பதற்காகவே வாசிக்கும் ஸ்ட்ராத்ஸ்பேயும் டொனிகாலில் தனியாக உண்டு. அங்கே கலைஞர் தன் கைத்திறனைக் காட்டுவார்.

தெற்கே இருப்பவர்களுக்கு ஹைலண்ட் தெரியாதா?

'ஃப்ளிங்' என்ற பெயரில் பல மாவட்டங்களில் உண்டு. கிளேர், கால்வே பக்கம் இன்றும் கேட்கலாம். ஆனால் அங்கே அது ஓரத்தில் இருக்கிறது. கெர்ரியில் போல்கா, ஸ்லைடு என்ற வேறு நடன மெட்டுகள்தான் நடுவீடு.

டொனிகால் வில் வேறு மாதிரி ஒலிப்பது ஏன்?

ஒரு சுரத்துக்கு ஒரு வில் வீச்சு என்பது அங்கே அடிப்படைப் பழக்கம். ஸ்லைகோ, கிளேர் மாவட்டப் பாணிகளில் இரண்டு மூன்று சுரங்களை ஒரே வில்லில் கோத்து வழுக்கிப் போவார்கள். சுரத்தைச் சுற்றி விரலால் போடும் 'ரோல்' என்ற அலங்காரமும் அதிகம். டொனிகாலில் அலங்காரத்தை விரலைவிட வில்தான் செய்கிறது. மணிக்கட்டை ஒரு உதறு உதறி, ஒரே சுரத்தில் மூன்று குறுஞ்சுரங்களைத் தெறிக்க விடுவார்கள். அதற்குப் பெயர் ட்ரிப்லெட் அல்லது ட்ரெபிள். கருங்கல்லில் உளி பட்டாற்போல இருக்கும்.

இதில் ஸ்காட்லாந்து வில்லின் பங்கு உண்டு. ஸ்ட்ராத்ஸ்பேயின் குறில்களை வெட்டி எடுக்கப் பழகிய கை, ரீலுக்கு வந்தாலும் அந்த வெட்டை மறக்காது. மற்றொரு பங்கு பைப் வாத்தியத்துடையது. ஸ்காட்லாந்தின் தோற்பைக் குழலான ஹைலண்ட் பைப்புக்கு (பெயர் ஒன்றானாலும் அந்த நடனம் அல்ல) ஒன்பது சுரம்தான். கிடைக்கும் ஸ்வரவரிசை ஏறக்குறைய நம் ஹரிகாம்போதி. சுருதிக் குழல்கள் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். டொனிகால் ஃபிடிலர்கள் பைப்பைப் போல ஒலிக்க, பக்கத்துத் தந்தியைத் திறந்தபடியே சேர்த்து இழுப்பார்கள். சில மெட்டுகளுக்கு ஃபிடிலின் சுருதியையே மாற்றிக் கட்டுவார்கள். இரண்டு பேர் வாசித்தால் ஒருவர் கீழ் ஸ்தாயியில் அதே மெட்டை வாசிப்பது இன்னொரு வழக்கம். இதற்கு அங்கே 'ரிவர்சிங்' என்று பெயர். கர்னாடக வயலினில் மேல் கீழ் ஸ்தாயிகளில் இருவர் சேர்ந்து வாசித்துக் கேட்ட நமக்கு, அந்த அடர்த்தி உடனே பிடித்துப்போகும்.

ஜான் டோஹர்ட்டி பெயர் எல்லா இடத்திலும் வருகிறதே, யார் அவர்?

20ஆம் நூற்றாண்டு டொனிகால் ஃபிடிலின் தலைமகன் என்று தயங்காமல் சொல்வேன். 1900ஐ ஒட்டிப் பிறந்து 1980 இல் மறைந்தார். தகரத் தொழில் செய்த நாடோடிக் குடும்பம். வாளி, குவளை, பால் பாத்திரம் செய்து, மலைக் கிராமங்களைச் சுற்றி விற்று, போன வீட்டில் ராத்திரி தங்கி வாசிப்பார்கள். தகரத்திலேயே ஃபிடிலும் செய்தார்கள்! மரம் போல் இனிமை வராது, ஆனால் ஈரத்துக்கும் அடிக்கும் அஞ்சாது. தந்தை மிக்கி மோர், தாய் மேரி மக்கானல் இருவருமே இசைக் குடும்பத்தார். அண்ணன் மிக்கியின் வாசிப்பை அயர்லாந்து நாட்டாரியல் ஆணையம் 1949 இல் பதிவு செய்தது. இன்னொரு சகோதரர் சைமனும் ஃபிடிலர்.

ஜான் பல ஆண்டுகள் சொந்தமாக ஃபிடில் எடுத்துச் செல்லாமலே ஊர் சுற்றினார் என்று சொல்வார்கள். போகிற வழியிலெல்லாம் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு ஃபிடில் சுவரில் தொங்கும். அந்தச் சுவர்களைப் பற்றி யோசித்தால், மெட்டு எப்படிப் பரவியது என்பது தானாகப் புரியும்.

அவர் வாசிப்பில் ஸ்காட்லாந்து மெட்டுகள் தாராளமாக வரும். ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரு கதை சொல்வார். கதைக்குள் போனதும் அந்த மெட்டின் ஊர் டொனிகால் ஆகிவிடும்.

அவரிடம் ஸ்காட்லாந்து மெட்டு எப்படி வந்தது? அவர் கிழங்கு தோண்டப் போகவில்லையே?

போய் வந்தவர்களிடமிருந்தும் வந்தது, இசைத்தட்டிலிருந்தும் வந்தது. இங்கே ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னரைச் சொல்லியாக வேண்டும். 1843 இல் பாங்கரியில் பிறந்தவர். சிறுவயதில் மான்செஸ்டரில் மேற்கத்திய செவ்வியல் பயிற்சி. பிறகு நடன ஆசிரியர். 600க்கு மேற்பட்ட மெட்டுகளை அமைத்தவர். 'ஸ்ட்ராத்ஸ்பே ராஜா' என்ற பட்டத்தைப் பெருமையோடு சுமந்தார். முதுமையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர் வாசிப்பு இசைத்தட்டானது. ஸ்காட்லாந்தில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் கிராமஃபோனையும் தட்டுகளையும் சுமந்து வந்தார்கள். மின்சாரம் எட்டாத மலைவீட்டில் ஸ்கின்னரின் வில் சுழன்றது.

ஸ்கின்னரிடம் செவ்வியல் பயிற்சியால் வந்த ஒரு பளபளப்பு உண்டு. வேகமான ஓட்டங்கள், அம்பு போல் தெறிக்கும் வில், மேல் ஸ்தாயி ஏற்றங்கள். டோஹர்ட்டியின் துல்லியத்தில் அதன் சாயலைக் கேட்கலாம். ஆனால் ஸ்கின்னர் மேடைக்கு வாசித்தார். டோஹர்ட்டி அடுப்பங்கரைக்கு வாசித்தார். நான் எப்போதும் இரண்டாமவரிடம்தான் திரும்பிப் போகிறேன்.

அச்சுப் புத்தகங்களுக்குப் பங்கு இல்லையா?

உண்டு. எடின்பரோவில் ராபர்ட் பிரெம்னர் 1757 முதல் ரீல்களை அச்சிட்டு வந்தார். பிறகு கவ் குடும்பத் தொகுப்புகள். சாதாரண மக்கள் கையில் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளாஸ்கோவின் ஜேம்ஸ் கெர் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட மலிவுப் பதிப்பு. நொட்டேஷன் படிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் போதும்; அவர் வாசிக்க, மற்றவர்கள் காதால் பிடித்துக்கொள்வார்கள்.

ஸ்லைகோவின் மைக்கேல் கோல்மன் தட்டுகளிலும் ஸ்காட்லாந்து மெட்டுகள் உண்டா?

உண்டு, அதுவும் அவருடைய மகுடமான பதிவுகளில். கோல்மன் 1891 இல் ஸ்லைகோவில் கில்லாவில் பகுதியில் பிறந்து, 1914 இல் அமெரிக்கா போய், 1921 முதல் நியூயார்க்கில் தட்டுகள் கொடுத்தார். அயர்லாந்து ஃபிடிலின் போக்கையே அந்தத் தட்டுகள் மாற்றின.

1934 இல் அவர் பதிவு செய்த புகழ்பெற்ற தொகுப்பு 'டார்போல்டன்' ரீலில் தொடங்குகிறது. டார்போல்டன் என்பது ஏர்ஷயரில் ஒரு சிற்றூர். டாட்டி ஹோக்கர்கள் முதலில் இறங்கும் அதே ஏர்ஷயர். அவர் வாசித்த 'பானி கேட்', டேனியல் டௌ என்ற 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்காரர் எடின்பரோவுக்கு அருகிலிருக்கும் ஃபிஷரோ துறைமுகத்துப் பெண்ணின் பெயரில் அமைத்த மெட்டு. அதோடு சேர்த்து வாசித்த 'ஜென்னீஸ் சிக்கன்ஸ்', ஸ்காட்லாந்தின் 'ஸ்லீப்பி மேகி'. 'லார்ட் கோர்டன்' ரீலை ஐந்து பகுதிகளாக விரித்தார். மூலம் 'டியூக் ஆஃப் கோர்டன்ஸ் ரான்ட்'.

ஆனால் கோல்மன் கையில் ஸ்காட்லாந்து வாசனை முழுக்க மறைந்துவிட்டது. வில் நீண்டு வழுக்குகிறது, ரோல்கள் சுழல்கின்றன, திரும்ப வரும்போதெல்லாம் பிரயோகம் மாறுகிறது. டொனிகாலோ அந்தத் தெறிப்பைத் தக்கவைத்தது. ஒரே ஊற்று, இரண்டு வாய்க்கால்.

மெட்டு கைமாறும்போது சரியாக என்ன மாறும்?

ஓர் எடுத்துக்காட்டை மட்டும் விரிக்கிறேன். மக்கென்சி குலத்தாரின் 'காபர் ஃபே' என்ற மெட்டு, கலைமானின் கொம்பு என்று பொருள். பைப் மெட்டுக்கே உரிய அமைப்பு: ஓர் ஆதாரத்தில் ஒரு வாக்கியம், அடுத்த வாக்கியம் ஒரு சுரம் தள்ளிய ஆதாரத்தில், மறுபடி பழைய இடம். அது அயர்லாந்துக்கு வந்து 'ரேக்கிஷ் பாடி' ஆனது. நடை ரீலின் சமனோட்டமானது. ஆதார சுருதி மாறியது. நிஷாதம் ஒரு இடத்தில் கைசிகி, இன்னொரு இடத்தில் காகலி, சிலர் கையில் இரண்டுக்கும் நடுவே. அந்த நடுநிலை நிஷாதத்தில்தான் மெட்டின் ருசி முழுக்க இருக்கிறது.

மற்றபடி, பல பகுதி கொண்ட மெட்டு இரண்டாகச் சுருங்கும். 'மிஸ் மக்லவுட்' போல, ஸ்காட்லாந்தில் ஏ சுருதியில் இருப்பது அயர்லாந்தில் புல்லாங்குழலுக்கும் சேரும்படி ஜி சுருதிக்கு இறங்கும்.

அயர்லாந்து மெட்டு ஸ்காட்லாந்துக்குப் போகவில்லையா?

போயிற்று. முக்கியமாக ஜிக்குகள். கெர் தொகுப்பிலேயே அயர்லாந்து மெட்டுகள் தனித் தலைப்பில் நிறைய இருக்கின்றன.

அப்படியானால் டொனிகால் வாசிப்பு 'அசல்' அயர்லாந்து இசை இல்லை என்று சிலர் சொல்வது சரியா?

இல்லை. இந்தப் பேச்சு டொனிகால் கலைஞர்களுக்கு நிஜமான கேடு செய்தது என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன். 1893 இல் ஐரிஷ் மொழி மீட்புக்காகத் தொடங்கிய கேலிக் லீக், தேசிய உணர்வின் வேகத்தில் நடனங்களை உள்நாடு, வெளிநாடு என்று பிரிக்கத் தொடங்கியது. 1935 இல் வந்த பொது நடனக் கூடச் சட்டம் வீட்டு நடனங்களை நசுக்கியது. ஹைலண்ட் உயிர்வாழ்ந்த இடம் அந்த வீடுகள். தட்டுகளாலும் போட்டிகளாலும் ஸ்லைகோ பாணியே அளவுகோல் ஆனது. டொனிகால்காரர் வாசித்தால் 'இது ஸ்காட்லாந்து வாசிப்பு' என்று ஒதுக்கும் வழக்கம் இருந்தது.

இதே அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் கோல்மனின் பானி கேட்டையும் ஒதுக்க வேண்டும். ரீல் என்ற வகையையே ஒதுக்க வேண்டும். அயர்லாந்து இசையின் பெருந்தொகுப்பாளர் ஃபிரான்சிஸ் ஓநீல் 1903 இல் சிகாகோவில் வெளியிட்ட 1,850 மெட்டுகளில் ஸ்காட்லாந்து வம்சம் எத்தனை என்று பார்த்தாலே போதும்.

1980களில் கார்டியஸ் நா வ்ஃபிட்லெய்ரி என்ற ஃபிடிலர் அமைப்பு உருவாகி மூத்தவர்களைத் தேடிப் போய்க் கற்றது. கிளென்கொலம்கிலின் ஜேம்ஸ் பெர்ன் போன்றவர்களிடம் இளையவர்கள் போய் உட்கார்ந்தார்கள். குவீடோரைச் சேர்ந்த மரேட் நி வீனி, ஃபிராங்கி கென்னடியுடன் தொடங்கிய ஆல்டன் குழு ஹைலண்டுகளை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனது. ஒதுக்கப்பட்ட அதே தெறிப்புக்காக இன்று பலர் டொனிகாலைத் தேடி வருகிறார்கள்.

நம் ஊர் இசைக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு மெல்லிய இழை உண்டு. அதைக் கண்டுபிடித்த நாள் எனக்குத் திருநாள். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதிய நோட்டுஸ்வரங்கள் நமக்குத் தெரிந்தவை. சென்னைக் கோட்டையின் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்தவை அந்தக் குடும்பத்தின் காதில் விழுந்தன. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்னாடக இசைக்குக் கொண்டுவந்தவர். அந்த நோட்டுஸ்வரங்களில் 'ஜகதீச குருகுஹ' என்பதன் மெட்டு 'லார்ட் மக்டோனல்ட்ஸ் ரீல்' என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கோல்மன் நியூயார்க்கில் தட்டுக்கு வாசித்தாரே, அதே லார்ட் மக்டோனல்ட்.

எங்கே தொடங்கிக் கேட்பது?

ஜான் டோஹர்ட்டியின் ஏதாவது ஒரு ரீல். தனி ஃபிடில், துணை ஒன்றும் கிடையாது. முதல் தடவை வில்லை மட்டும் கவனியுங்கள்.

அடுத்து ஆல்டன் குழு 1993 இல் வெளியிட்ட 'ஐலண்ட் ஏஞ்சல்' தொகுப்பில் உள்ள ஹைலண்டுகள். இரண்டு மூன்று ஹைலண்டுகள் வரிசையாக வந்து, முடிவில் 'கிங் ஜார்ஜ் தி ஃபோர்த்' என்ற ஸ்காட்லாந்து ஸ்ட்ராத்ஸ்பே வரும். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருங்கள். ஊசல் போல ஆடிக்கொண்டிருந்த கை, கடைசி மெட்டு திரும்பும் இடத்தில் சட்டென்று 'நிலா, நிலா' என்று வெட்டத் தொடங்கும்.